சரியான ரத்தம்

படிவத்தில் அது பதினேழாவது கேள்வி. "குழந்தை வயிற்றில் இருந்தபோது தாய்க்குக் காய்ச்சல், நோய்த்தொற்று, அழற்சி ஏதேனும் இருந்ததா?" நான் "இல்லை" என்று எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இருபத்தாறு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முடிவுகளை எழுதி எழுதி வந்த கையெழுத்து. பொய்யைக்கூட அது அழகாகத்தான் எழுதுகிறது.

பதினெட்டாவது கேள்வி, தொந்தரவு எப்போது தொடங்கியது என்பது. "இரண்டு மாதம்" என்று எழுதினேன்.

மனநல மருத்துவரின் அறைக்கு வெளியே நீளமான இரும்பு பெஞ்சு. எனக்கு இடப்பக்கம் என் மகள், வலப்பக்கம் என் கணவரின் அக்கா. கணவர் லாரி ஓட்டுகிறவர். சரக்கோடு போயிருந்தார், திரும்ப இரண்டு நாள் ஆகும். அதனால் அக்காவை அனுப்பியிருந்தார். துணைக்கு வந்ததாகப் பேர். உண்மையில் துப்புத் துலக்க வந்திருந்தார்.

"எங்க வீட்டுல இந்த மாதிரி யாருக்கும் கிடையாது. உங்க பக்கம் யாராவது இருந்தாங்களா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"எங்க பக்கம் எல்லாருக்கும் வாய் மட்டும்தான் நீளம் அண்ணி, வேற ஒண்ணும் கிடையாது" என்றேன். அதன் பிறகு கொஞ்ச நேரம் நிம்மதி.

மகளுக்கு இருபது வயது. சின்ன வயதில் ஓயாமல் பேசுவாள் என்று வீட்டில் 'ரேடியோ' என்று பேர் வைத்திருந்தோம். தூக்கத்தில்கூடப் பேசுவாள். கட்டட வரைபடம் வரையப் படித்து, ஒரு அலுவலகத்தில் வேலைக்கும் போனாள். இரண்டு மாதத்துக்கு முன் போவதை நிறுத்தினாள். குளியலறைக் கண்ணாடியைப் போர்வை போட்டு மூடினாள். இப்போது பேசுவதெல்லாம் அவளுக்குள் இருக்கும் வேறு ஆட்கள். இவள் தலையை இடது பக்கம் லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தச் சாய்வைப் பார்க்கும்போதெல்லாம் இவளைச் சுமந்த வயிற்றின் மேல் என் கை போய்விடும்.

அந்த வயிற்றின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் பரிசோதனைக் கூடம் சின்னது. ஒரு ஜன்னல், இரண்டு இயந்திரம், நாலு பேர். தினமும் காலையில் இயந்திரம் ஒழுங்காக அளக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நோயாளிகளின் ரத்தத்தைத் தொடவேண்டும். அதற்கென்று அளவு தெரிந்த திரவம் குப்பியில் வரும். அந்தக் குப்பி வரவேண்டிய நாளில் வந்ததாகச் சரித்திரமே இல்லை. அதனால் எங்கள் பெரிய டெக்னீஷியன் ஒரு வழி வைத்திருந்தார். தடித்த கண்ணாடி போட்டிருப்பார். அவரை நாங்கள் சோடாபுட்டி என்போம். குப்பி தீர்ந்துபோனால் எங்களில் ஒருவர் ரத்தத்தை எடுத்து முதலில் ஓட்டிப் பார்ப்பார். நாலு பேரில் என்னுடையதுதான் அவருக்குப் பிடித்தது. எந்தச் சோதனை வைத்தாலும் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவிலேயே வரும்.

"இது ரத்தமில்லம்மா, எடைக்கல்லு" என்பார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஊரில் யார் யாரோ எதற்கெல்லாமோ பெருமைப்படுகிறார்கள், நான் சி.ஆர்.பி. நாலுக்குப் பெருமைப்பட்டேன். சி.ஆர்.பி. என்பது உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் எகிறும் ஒரு எண். ஐந்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. எனக்கு எப்போதும் நாலு. பிள்ளை உண்டான பிறகும் நாலுதான்.

ஐந்தாவது மாதம். இடுப்புக்கு மேலே ஒரு வலி, சாயங்காலமானால் லேசாகக் குளிர். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இதெல்லாம் சகஜம் என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்று குப்பி இல்லை. என் ரத்தத்தை ஓட்டினோம். அறுபத்திரண்டு என்று வந்தது.

சோடாபுட்டி இயந்திரத்தைத் தட்டினார். மறுபடி ஓட்டினோம். அறுபத்தொன்று.

"மெஷின் போச்சு" என்றார் அவர்.

"ஆமா சார், போச்சு" என்றேன் நான்.

முதுகில் குளிர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். நாலு பேர் நின்றோம், நாலு பேருமே ரத்தம் படித்தவர்கள். ஒருவருக்குக்கூட என்னை ஏறிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. எடைக்கல்லை யார் சந்தேகப்படுவார்கள்? அந்த இயந்திரத்தில் ஒரு பெருக்கும் எண் உண்டு. அதைக் குறைத்தால் வருகிற விடையெல்லாம் அதே கணக்கில் குறையும். நான்தான் குறைத்தேன், என் விரலால், என் ரத்தம் நாலு என்று காட்டும் வரைக்கும். அப்புறம் நோட்டில் எழுதினேன்: "இயந்திரக் கோளாறு. சரிசெய்யப்பட்டது."

பத்தொன்பது நாள் அப்படியே ஓடியது. இருபதாவது நாள் புதுக் குப்பி வந்தது. அதை ஓட்டினால் படுபாதாளத்தில் ஒரு எண். சோடாபுட்டியின் முகம் வெளுத்துவிட்டது. பெருக்கும் எண்ணைப் பழையபடி ஏற்றி, அந்தப் பத்தொன்பது நாளில் வந்தவர்களையெல்லாம் ஒருவர் விடாமல் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுத்தார். நல்ல மனுஷன். எல்லாரையும் கூப்பிட்டார், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைத்தான் கூப்பிடவில்லை.

மற்றவர்கள் சாப்பிடப் போனபோது என் ரத்தத்தை நானே ஓட்டினேன். ஐம்பத்தெட்டு. சிறுநீரகத்தில் கிருமி. வேறு ஒரு ஆஸ்பத்திரியில் காட்டி, ஒரு வாரம் மருந்து சாப்பிட்டேன், சரியாகிவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் வேலையை விடு என்று வீட்டில் ஆரம்பிப்பார்கள். அதைவிட, எடைக்கல் என்ற பேர் போய்விடும். ஆமாம், அதுதான் காரணம். இப்போது எழுதும்போது காறித் துப்பலாம் போலிருக்கிறது.

பிள்ளை நன்றாகப் பிறந்தாள். மூன்று கிலோ இருந்தாள், பிரசவ அறையே அதிரும்படி அழுதாள். நானும் மறந்துவிட்டேன். எட்டு வருடத்துக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில் டாக்டர் ஒருவர் பேசினார். கர்ப்பத்தில் தாய்க்கு அழற்சி அதிகமானால் அது பிள்ளையின் மூளை வளர்ச்சியைத் தொடக்கூடும், பிற்காலத்தில் மனநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடலாம் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன என்றார். கூடலாம். அந்த ஒரு 'லாம்' மேல் எட்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன், முள் மேல் உட்கார்ந்த மாதிரி.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சின்னப் பெண். என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். படிவத்தைப் படித்துவிட்டு மகளிடம் திரும்பினார். "நீங்க ஏதாவது கேட்கணுமா?"

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஏன் இப்படி ஆனேன்?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னை உடைத்துவிட்டது. "டாக்டர், அந்தப் பதினேழாவது பதில் தப்பு" என்றேன். ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. அறுபத்திரண்டு, பெருக்கும் எண், பத்தொன்பது நாள், எல்லாவற்றையும் கொட்டினேன். மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னேன்.

"அப்பவே சொன்னேன்ல, மாசமா இருக்கறவளுக்கு எதுக்கு வேலைன்னு?" நாத்தனாரின் குரலில் ஒரு திருப்தி. துப்புத் துலங்கிவிட்டது. "என் தம்பி பொண்ணை நீயே..."

"நீங்க கொஞ்சம் இருங்கம்மா" என்று டாக்டர் தடுத்தார். என்னைப் பார்த்தார். "அப்படி ஒரு தொடர்பு இருக்கலாம்னுதான் சொல்றாங்க. ஆனா உங்க பொண்ணுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு யாராலும் சொல்ல முடியாது. அந்த மாதிரி காய்ச்சல் வந்தவங்களோட பிள்ளைங்க பெரும்பாலும் நல்லாத்தான் இருக்காங்க. பல காரணம் சேர்ந்துதான் இது வரும். உங்களுக்கே தெரியாத காய்ச்சலுக்கு நீங்க என்ன பண்ணியிருக்க முடியும்? விடுங்க."

விடுங்க என்றால் விட்டுவிடுகிற மாதிரியா இருக்கிறது? ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குள் ஒரு கட்டு அவிழ்ந்தது. எட்டு வருடம் சுமந்த குற்றத்தைச் சொல்லியாயிற்று, மன்னிப்பும் கிடைத்தாயிற்று. தெரியாமல் செய்தவள் நான். அந்த இடத்தில் உட்கார எனக்குச் சௌகரியமாகக்கூட இருந்தது.

டாக்டர் பேனாவை எடுத்தார். "அது முடிஞ்சுபோன விஷயம். இப்ப முக்கியமானது வேற. எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லா தேறுவாங்க. மருந்தை முடிவு பண்ண, எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியணும். ரெண்டு மாசம்னு எழுதியிருக்கீங்க. சரிதானே?"

"சரிதான் டாக்டர்."

"பதினோரு மாசம்" என்றாள் மகள்.

அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "முதல் நாளே அம்மாகிட்ட சொன்னேன். இடது காதுல யாரோ என்னைத் திட்டுறாங்கன்னு. அம்மா காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க."

"காதுன்னு சொன்னா காது டாக்டர்கிட்டதானே..." என்று ஆரம்பித்தேன்.

"திட்டுறாங்கன்னு சொன்னேன்மா. என் பேரைச் சொல்லித் திட்டுறாங்கன்னு சொன்னேன்."

சொன்னாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காது நன்றாக இருக்கிறது என்று அந்த டாக்டர் சொன்னார். எனக்குப் போதவில்லை. இன்னொருவரிடம் போனோம், அப்புறம் மூன்றாவது ஆள். கேட்கும் திறனுக்கு வரைபடம் எடுத்தோம், ஸ்கேன் எடுத்தோம், சொட்டு மருந்து விட்டோம். ஒவ்வொரு தடவையும் காது நன்றாக இருக்கிறது என்று தாள் வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் காதையே சந்தேகப்பட்டேன். பயிற்சி வகுப்பில் கேட்ட 'லாம்' என் தலைக்குள் இருந்தது. காதில் குரல் கேட்டால் என்ன நோய் என்று எனக்குத் தெரியாதா? இந்தத் தடவை தெரியாமல் செய்யவில்லை. தெரிந்துதான் காதைத் திருகிக்கொண்டிருந்தேன், நாலு என்று காட்டும் வரைக்கும்.

"மூணாவது டாக்டர் காதுல ஒண்ணுமே இல்லைன்னு சொன்னப்போ, அப்ப உனக்கு ஒண்ணுமே இல்லைன்னு அம்மா ரொம்ப சந்தோஷப்பட்டாங்க" என்றாள் மகள். "எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாங்க. நான் சாப்பிட்டேன். அதுக்கப்புறம் நான் எதுவும் சொல்லலை."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். படிவத்தை என் பக்கம் நகர்த்தி, பேனாவை அதன் மேல் வைத்தார்.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு விதி உண்டு. எழுதியதை அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு, பழையது தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். "இல்லை"யின் மேல் ஒரு கோடு போட்டு, "இருந்தது" என்று எழுதினேன். "இரண்டு" மேல் ஒரு கோடு போட்டு, "பதினொன்று" என்று எழுதினேன். முத்து முத்தான என் எழுத்து கோணலாக விழுந்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். இரண்டு கோடுகளையும் பார்த்தாள்.

"இப்ப நம்புறியாம்மா?"

"நம்புறேன்டா கண்ணு. சத்தியமா நம்புறேன்."

அவள் தலை மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, என் மேல் இரக்கப்படுகிற மாதிரிச் சொன்னாள்.

"நீ பொய் சொல்றேங்கறாங்கம்மா."