உடன் வந்தவர்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு காரணம் காட்டி மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றும் பொய்.

ஒன்றை மட்டும் காட்டுகிறேன்: "ஆல்போர்க் நகரில் மார்ச் மாத மழை..." வேண்டாம். டென்மார்க்கில் மழை ஒரு செய்தியல்ல.

உண்மை இது. என் கணவன் ஆஸ்கெருக்கு ரத்தப் புற்றுநோய். மருத்துவர்களும் நோயாளிகளும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று ஆராய்பவள் விபெக்கே. அவன் மருத்துவரைப் பார்க்கும்போதெல்லாம் அவள் ஒலிப்பதிவு செய்தாள். சம்மதித்து இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். பிறகு எல்லாவற்றையும் சொல் சொல்லாகத் தாளில் இறக்கினாள். பேசாத இடங்களையும் விடவில்லை. அடைப்புக்குறிக்குள், விநாடிக் கணக்கில்.

முப்பத்தொரு வருடம் அவனோடு வாழ்ந்தவள் நான். அவன் மௌனத்தை அளந்து வைத்திருப்பவள் அவள்.

2

விபெக்கே ஒரு பேரழ—

இல்லை. (இருந்திருந்தால் சுலபம்.) ஐம்பது வயது. சைக்கிள் தலைக்கவசத்தில் நசுங்கிய முடி. எப்போதும் சளி. ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை சும்மா இருப்பாள். அவளிடம் இருப்பது அவ்வளவுதான்.

"அடுத்த தடவை நான் தனியா போறேன்," என்றான் ஆஸ்கெர்.

"ஏன், விபெக்கே போதுமா?"

"அவ ரூம்ல இருக்கவே மாட்டா. பதிவுப் பெட்டிய வெச்சிட்டு வெளிய போயிடுவா."

"ஒரு பெட்டிக்காக என்னை விட்டுட்டுப் போறியா?"

"பெட்டி குறுக்க பேசாது."

அவன் சிரித்தான். நான் கறுப்பு ரொட்டியைத் தேவைக்கு மேல் வெட்டினேன்.

3

மூன்றாவது மருந்தும் பலிக்கவில்லை. நான்காவதை ஏற்பதா, எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதா என்று வியாழக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனியாகப் போனவன் மருத்துவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறான். என்னிடம், "வழக்கம்போலத்தான்" என்றான்.

விபெக்கேயின் அறைக்குப் போனேன்.

"என்ன சொன்னான்?"

"நான் சொல்லக் கூடாதுங்க. அவர் கேட்டா அவருக்குத் தருவேன்."

"உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நல்லா இருக்கா இது?"

அவள் பேசாமல் இருந்தாள். அந்த உத்தி எனக்குத் தெரியும். ஏமாறவில்லை.

(ஏமாந்தேன். பத்து நிமிடம் நானே பேசினேன். அழுதேன். அதை இந்தக் கதையில் சேர்ப்பதாக இல்லை.)

4

ஆஸ்கெர் விபெக்கேயிடம் எழுதிக் கேட்டு, எல்லாப் பதிவுகளையும் தாளில் வாங்கினான். புதன்கிழமை மதியம் அந்தத் தாள்கட்டை என் முன்னால் மேசையில் வைத்தான்.

"படி."

என் பெயர் எங்கும் இல்லை.

மருத்துவர்: வலி எப்படி இருக்கு?
உடன் வந்தவர்: இப்போ பரவால்ல.
மருத்துவர்: தூக்கம்?
உடன் வந்தவர்: நல்லா தூங்கறான்.
மருத்துவர்: இந்த மருந்தும் கேக்கலன்னா, அடுத்தது பத்தி யோசிச்சீங்களா, ஆஸ்கெர்?
நோயாளி: நான் வந்து—
உடன் வந்தவர்: எடுத்துக்குவோம். கண்டிப்பா.

அந்த "நான் வந்து" எங்கே போய் முடிகிறது என்று பதினான்கு பக்கம் தேடினேன். எங்கும் முடியவில்லை.

கதைப் பாத்திரங்களைப் பேச வைப்பது என் தொழில். [இந்த வாக்கியத்தை அடித்திருக்கலாம். இருக்கட்டும்.]

பிறகு, அவன் தனியாகப் போன நாள்.

மருத்துவர்: நீங்க என்ன நினைக்கிறீங்க, ஆஸ்கெர்?
(8 விநாடி)

பக்கம் அதோடு முடிந்தது. அந்த எட்டு விநாடியை அவள் ஹெட்போனில் கேட்டிருக்கிறாள். என் கணவன் மூச்சு விடுவதை. எத்தனை முறையோ.

5

கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ: பக்கத்தைத் திருப்புகிறேன். "நிறுத்திடலாம்" என்று இருக்கிறது.

ஆ: திருப்புகிறேன். "எடுத்துக்கறேன், அவளுக்காக" என்று இருக்கிறது.

எது மோசம் என்று வெகுநேரம் யோசித்தேன். பிறகுதான் கவனித்தேன்: இரண்டிலும் அவன் பதிலை நானே சொல்லிவிட்டேன்.

தாள்கட்டை மூடினேன்.

"ஆஸ்கெர், நீ என்ன நினைக்கிற?"

"கடைசிப் பக்கம் படிக்கலையா?"

"இல்ல. நீ சொல்லு."

அவன் காபிக் கோப்பையைச் சுற்றினான். ஒன்று. இரண்டு. மூன்றில் எனக்கு வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். ஐந்து. ஏழு.

"நான் வந்து," என்றான்.

இதற்கு மேல் எழுத மாட்டேன். உங்களுக்கும் ஒரு பதில் தோன்றியிருக்கும்.

சொல்லாதீர்கள்.