வாய்க்கால் பாட்டுக்கு எழுந்து நின்றவர்கள்

அந்தப் பாட்டு உருத்திரபுரத்து வாய்க்காலில் பிறந்தது. வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்த ஒரு மத்தியானம். வாய்க்கால் கட்டின்மேல் உட்கார்ந்து கால்களைத் தண்ணீருக்குள் விட்டேன். கொஞ்ச நேரத்தில் கால்கள் என்னுடையவையாக இல்லை. வெயில் துண்டு துண்டாக உடைந்து மிதந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு கொக்கு என்னைப் பார்த்துவிட்டு, பயப்படத் தேவையில்லை என்று முடிவெடுத்தது. அன்றைக்கு எனக்கு எந்தத் துக்கமும் இருக்கவில்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒருவரும் நம்புவதில்லை.

மத்தியானத் தண்ணிக்குள்ளை
காலிரண்டும் மீனாச்சு

சொற்கள் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வெறும் முனகல். ஜாஸில் அப்படிப் பாடலாம். சொல் இல்லாமல் எவ்வளவு தூரமும் போய்விட்டுத் திரும்பி வரலாம்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான், தாட்சாயினி. அரச வேலைக்குக் காத்திருக்கிற நேரத்தில் ஜாஸும் பொப்பும் பாடுகிறேன். என் அம்மா இராசமலர் இதை மாற்றிச் சொல்லுவா: பாடி மிஞ்சுகிற நேரத்தில் வேலைக்குக் காத்திருக்கிறாளாம்.

கொழும்பில் படித்த காலத்தில் சனிக்கிழமைகளில் ஒரு ஹோட்டலில் ஆங்கிலப் பாட்டுகள் பாடினேன். கரண்டிச் சத்தத்துக்கு மேலால் பாடப் பழகியது அங்கேதான். ஊருக்கு வந்தபின் சொந்தப் பாட்டுகள். கம்பனியும் இல்லை, ஸ்டூடியோவும் இல்லை. அலுமாரியைத் திறந்து அம்மாவின் சேலைகளுக்குள் தலையை விட்டுப் போனில் பதிவு செய்வேன். சேலைகள் எதிரொலியைக் குடித்துவிடும். உள்ளே இருட்டும் கற்பூர வாசமும். சில நேரம் வெளியே வரவே மனம் வராது. கிட்டார் வாசிப்பது றிப்னாஸ். புத்தளத்தில் பிறந்து, தகப்பனின் ஊரான தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்து, பகலில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறவன்.

ஐந்து பாட்டுகளை இணையத்தில் போட்டோம். ஐந்தும் சந்தோஷமான பாட்டுகள். ஒன்று ஐஸ்கிரீம் வண்டியைப் பற்றியது. அதற்குக் கீழேயும் கனடாவிலிருந்து ஒருவர், அழுதுவிட்டேன் தங்கச்சி, எங்கள் மண்ணின் வலி என்று எழுதியிருந்தார். அன்று போனைக் கட்டிலில் எறிந்தேன். யுத்தம் முடிந்தபோது எனக்குப் பதினொரு வயது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் அண்ணாவின் படத்துக்கு மாலை தொங்குகிறது. அதற்காக என் தொண்டையை அந்த ஒன்றுக்கே குத்தகைக்கு எழுதிக் கொடுத்தேனா?

அதனால்தான் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் இளம் கலைஞர்களுக்கான மாலை நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது உடனே ஒத்துக்கொண்டேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: எங்கள் சனம் ஒரு தடவையாவது என் சந்தோஷத்தைச் சந்தோஷமாகவே கேட்கவேண்டும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் மேடையில் பாடி அவ கேட்டதில்லை.

அறிவிப்பாளர் நிருஷனிடம் "ஜாஸ், பொப் பாடகி" என்று எழுதிய துண்டைக் கொடுத்திருந்தேன். அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "வன்னி மண்ணின் காயங்களைச் சுமந்து வரும் குரல்" என்று அறிவித்தார். மேடையோரத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தேன். அது என் பிழைதான்.

றிப்னாஸ் மெதுவாகத் தொடங்கினான். நான் கண்ணை மூடி, கீழ்க் குரலில் முனகத் தொடங்கினேன். தண்ணீர் வந்தது. முழங்கால்வரை வந்தது. கொக்கு வந்தது.

கதிரைகள் உரசும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன்.

மூன்றாம் வரிசையில் ஒரு வயதானவர் எழுந்து தொப்பியைக் கழற்றியிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை எழும்பியது. பிறகு மண்டபம் முழுவதும். தலைகள் குனிந்தன, கைகள் முன்னால் கோத்துக்கொண்டன. பிள்ளைகள்கூடக் கதைக்கவில்லை. விளக்கு, வெள்ளைச் சேலை, மெல்லிய பெண்குரல். எங்கள் சனத்துக்கு இது என்னவென்று ஒருவரும் சொல்லத் தேவையில்லை. அஞ்சலி. யாரோ மின்விசிறியையும் நிறுத்தினார்கள்.

நான் பாடிக்கொண்டே அம்மாவைத் தேடினேன். அம்மாவும் நின்றா. அலுமாரிக்குள் நின்று நான் இந்தப் பாட்டைப் பாடியதை நூறு தடவை கேட்ட அம்மா.

"தாட்சா, என்ன செய்யிறது?" என்று றிப்னாஸ் வாய்க்குள் கேட்டான்.

அப்படியே பாடி முடித்திருக்கலாம். அழுதிருப்பார்கள், பாராட்டியிருப்பார்கள், வருகிற மே மாத நினைவேந்தலுக்கும் கூப்பிட்டிருப்பார்கள். அந்த நினைப்புத்தான் என்னை நிறுத்தியது. பாட்டை விட்டேன்.

"எல்லாரும் கதிரையிலை இருங்கோ" என்றேன். "இது அஞ்சலிப் பாட்டு இல்லை. வாய்க்காலுக்குள்ளை காலை விட்டுக்கொண்டு சும்மா இருக்கிற பாட்டு. சிரிக்கலாம். காலாட்டலாம்."

யாரும் அசையவில்லை. நெற்றியில் வியர்வை வழிய நின்ற அந்தத் தொப்பிக்காரர், "அப்ப ரெண்டு நிமிசம் முடிஞ்சுதோ பிள்ளை?" என்று கேட்டார்.

"தொடங்கவே இல்லை ஐயா. இருங்கோ."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அதற்குப் பிறகுதான் கதிரைகள் ஒவ்வொன்றாக நிரம்பின. றிப்னாஸ் இந்தமுறை கொஞ்சம் வேகமாகத் தொடங்கினான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சனம் இருந்தது. மின்விசிறி மறுபடியும் சுற்றியது. நான் பாடினேன். இரண்டாம் முறை காலிரண்டும் மீனானபோது முன்வரிசையில் ஒரு மனிசி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் தேய்த்தா. சீமெந்துத் தரை மெல்ல மெல்லப் பச்சையாகிக்கொண்டு வந்ததாக எனக்குத் தோன்றியது.

அம்மா மட்டும் கதிரையில் இருக்கவில்லை. பாட்டு முடியும்வரை நின்றா.

முடிந்ததும் அமைதி. அஞ்சலிக்குக் கைதட்டுவதில்லை, இதற்குத் தட்டலாமா என்று யோசித்தார்கள் போல. பிறகு தொப்பிக்காரர் தட்டினார். அரைவாசிப் பேர் தட்டினார்கள். மற்ற அரைவாசி என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

வெளியே வந்ததும் அம்மாவிடம் கோபமாகவே கேட்டேன். "உங்களுக்குத் தெரியும்தானே அம்மா அது என்ன பாட்டெண்டு. ஏன் நிண்டனீங்கள்? அண்ணாவை நினைச்சோ?"

"இல்லையடி." அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தா. "இருந்தனெண்டால் காலாட்டியிருப்பன். சனம் பாத்திருக்கும்."

அம்மா இரண்டு எட்டு முன்னால் போய்விட்டு, திரும்பாமலே, அந்த மீன் வருகிற இடத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாடலாம் என்றா.