மாற்று ஆள் வரும்வரை

...இரண்டு பத்து ஆகிவிட்டது, இன்னும் ஆளைக் காணோம், சரி, பத்து நிமிஷம் ஒரு தாமதமா, பேருந்தில் கூட்டமாக இருந்திருக்கும், வாசலில் அடையாள அட்டையைப் பை முழுக்கத் தேடிக்கொண்டு நிற்பான், பதினெட்டு நாளாக இரண்டுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து என் பக்கத்தில் நின்று கொட்டாவி விட்டவன் இன்றைக்குப் பார்த்தா வராமல் போவான்? கிடங்கில் எல்லோரும் அவனைத் தூங்குமூஞ்சி என்கிறார்கள், நானும் மனசுக்குள் அப்படித்தான் சொல்கிறேன், ஆனால் நேர விஷயத்தில் அவனை ஒரு குறை சொல்ல முடியாது. இந்த மருந்துக் கிடங்கில் நான்காம் நம்பர் வாசல் என் பொறுப்பு, காலை ஆறிலிருந்து இரண்டு வரை, லாரியில் என்ன ஏறுகிறது, என்ன இறங்குகிறது, குளிர் அறையில் எத்தனை டிகிரி, எந்தப் பெட்டி நசுங்கி வந்தது... இரண்டிலிருந்து அவன் பொறுப்பு. நான் கிளம்பி, வீட்டுக்குப் போய், முகம் கழுவி, அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூன்றரைக்கெல்லாம் மைதானத்தில் இருக்க வேண்டும், நாலு மணிக்கு என் மகளுக்கு டிரைவிங் டெஸ்ட். அவளே வாய்விட்டுக் கேட்டாள், அப்பா, நீங்க வாங்க, அம்மா வந்தா ஓட்டற என்னைவிட வெளிய நிக்கற அவங்களுக்குத்தான் கை நடுங்குது, நீங்க வாங்கப்பா. சைக்கிள் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள், போன் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள், பதினெட்டு வருஷத்தில் நான் வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தச் சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டுவிட்டேன், டெஸ்ட் அவளுக்கா உங்களுக்கா என்று மனைவி கேட்டாள்.

அப்படியென்றால் கிளம்ப வேண்டியதுதானே, யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார், என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவர், வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற பெண், "சார், இங்க டைம் முடிஞ்சா கார்டைத் தேச்சிட்டுக் கிளம்பிடலாம், யாருக்காகவும் காத்திருக்க வேணாம்," நானும் தலையாட்டினேன். தலை ஆடியது, கால் ஆடவில்லையே. இருபத்தொரு வருஷம் ராணுவத்தில் சரக்குப் பிரிவில் இருந்த கால் இது, அங்கே கடிகாரம் சொன்னால் போதாது, ஆள் வர வேண்டும், வந்து எதிரில் நிற்க வேண்டும், நான் எண்ணிக்கை சொல்ல வேண்டும், அவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், கடைசியில் எடுத்துக்கிட்டேன் என்று ஒரு வார்த்தை, அது காதில் விழுந்த பிறகுதான் இடத்தை விட்டு நகரலாம். இங்கேயும் பதினெட்டு நாளாக அதைத்தான் செய்கிறேன், நான் பாட்டுக்கு ஒப்பிப்பேன், வெளியே மூன்று லாரி, உள்ளே நாற்பது பெட்டி, குளிர் அறை நாலு டிகிரி, அவன் கொட்டாவிக்கு நடுவில் ம் என்பான். அந்த ஒரு ம் போதும் எனக்கு, நிம்மதியாகப் போய்விடுவேன். அவன் அதைக் கேட்டானா, இல்லை வாயை மூடும்போது தானாக வந்த சத்தமா, அதை நான் ஆராய்ந்ததில்லை.

இரண்டு இருபத்தைந்து. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அந்த அம்மா எவ்வளவு பாடுபட்டார், பாவம், என் இருபத்தொரு வருஷத்தை ஒரே பக்கத்தில் அடைக்க வேண்டும் என்று. வெடிமருந்துக் கிடங்குப் பொறுப்பு என்று நான் சொன்னால் சரக்கு இருப்பு மேலாண்மை என்று தட்டினார், மலைப்பாதையில் இருபது லாரிகளை வரிசை கலையாமல் கொண்டுபோனேன் என்றால் போக்குவரத்து ஒருங்கிணைப்பு, துப்பாக்கி சுடுவதற்கு மட்டும் வார்த்தை கிடைக்காமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அப்புறம் அதை விட்டுடலாம் சார் என்றார். கூட்டாக வேலை செய்யும் திறன் உண்டா? உண்டு. நெருக்கடியில் நிதானம் உண்டா? இருந்தது. உங்கள் பலவீனம் என்ன என்று கேட்பார்கள், ஏதாவது சின்னதாகச் சொல்லுங்கள், ரொம்பப் பெரிதாகச் சொல்லிவிடாதீர்கள் என்றார், நான் யோசித்து, காலையில் சீக்கிரம் எழுந்துவிடுவேன் என்றேன், அவர் அப்படிச் சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். ஆள் வராமல் நகர மாட்டேன் என்பதை எந்தப் பத்தியில் போடுவது, பலத்திலா, பலவீனத்திலா? அன்றைக்கு அது தோன்றவே இல்லை, மூச்சு விடுகிறேன் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா என்ன.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அம்மா வண்டியை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள், நாற்பது வயசிருக்கும், வாய் சும்மா இருக்காது, ராணுவத்தில் மூன்று படி ஏற எனக்கு இருபத்தொரு வருஷம் ஆயிற்று, இவள் மூன்றே நாளில் என்னை மேஜர் ஆக்கிவிட்டாள். "என்ன மேஜர் அண்ணே, இடிச்ச புளி மாதிரி இன்னும் இங்கயே நிக்கறீங்க?" மாற்று ஆள் வரவில்லை என்றேன். "அவர் பிள்ளைக்கு ஜுரமாம், போன் பண்ணாரு, லேட்டா வருவாராம், வந்தா வருவாராம்." வந்தால் வருவானாம், இது என்ன தகவல், வருவானா மாட்டானா? "அப்போ யார்கிட்ட ஒப்படைக்கறது?" "எதை அண்ணே ஒப்படைக்கணும்? கதவு எங்கயும் ஓடிடாது. குளிர் குறைஞ்சா மேடம் போன்ல மணி அடிக்கும். உங்களுக்கு வீடு வாசல் இல்லையா?" பொண்ணுக்கு டெஸ்ட் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது, கிண்டல் போய்விட்டது, "அட, முதல்ல கிளம்புங்கண்ணே, எழுதிக் கதவுல ஒட்டிட்டுப் போங்க, வந்தா பாத்துக்கறாரு," சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். எழுதியும் ஆயிற்று, வெளியே இரண்டு லாரி, உள்ளே முப்பத்தாறு பெட்டி, குளிர் அறை நாலு டிகிரி, தேதி போட்டு, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டு... ஒட்டலாம்தான், ஆனால் கதவு பதில் சொல்லுமா? லேட்டா வருவேன் என்று ஒருவன் சொன்னால், வருகிறேன் என்றுதானே அர்த்தம், வருகிறவன் வந்து பார்க்கும்போது இடம் காலியாக இருக்கலாமா?

மலைமேல் ஒரு தடவை நான் அப்படி வந்தேன், பன்னிரண்டு மணி நேரம் தாமதமாக. பாதையில் மண் சரிந்து என் லாரி மாட்டிக்கொண்டது, மேலே கிடங்கில் எனக்காக ஒருவன் நின்றுகொண்டிருந்தான், என்னோடு சேர்ந்து பயிற்சிக்கு வந்தவன், ஒல்லிக்குச்சி என்று நாங்கள் கூப்பிடுவோம், மழையில் நான் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது உதடெல்லாம் வெளுத்து அதே இடத்தில் நின்றான், திட்டுவான் என்று பார்த்தேன், வந்துட்டியா, சாப்பிட்டியா என்றான், எண்ணிக்கை சொன்னான், நான் திருப்பிச் சொன்னேன், எடுத்துக்கிட்டேன் என்றேன், போய்ப் படுத்துவிட்டான், அவ்வளவுதான், ஒரு பேச்சு இல்லை. எவ்வளவு நேரமானாலும் நான் வருவேன் என்று அவனுக்குத் தெரியும், அவன் நிற்பான் என்று எனக்குத் தெரியும். அதற்குத்தான் ஏங்குகிறேன், வேறு எதற்கும் இல்லை, துப்பாக்கிக்கோ சீருடைக்கோ சத்தியமாக இல்லை. இப்போது அவன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், போன மாதம் போன் பண்ணினேன், எப்படிடா இருக்க என்று நான் முடிப்பதற்குள், டேய், கஸ்டமர் நிக்கறாங்க, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை, கடை என்றால் அப்படித்தான். நான் அன்றைக்கு முழுக்க போனைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தேன், அவனாவது எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டான் என்று பொறாமையாகக்கூட இருந்தது.

மூன்று ஐந்து. சட்டையும் வேண்டாம், முகம் கழுவவும் வேண்டாம், இங்கிருந்து நேராகப் போனால் நாற்பது நிமிஷம், மூன்று பத்து பேருந்தைப் பிடித்தால் கூடப் போதும்... இதோ கிளம்பிவிடுவேன், வாசல் வரை நாலே எட்டு. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள், நின்ற காலுக்கு ஒரு பழமொழி இல்லையே. வீட்டில் மட்டும் இந்தக் கால் எங்கே நிற்பது என்று தெரியாமல் திண்டாடுகிறது, சமையலறையில் நின்றால் கொஞ்சம் நகருங்க என்கிறாள் மனைவி, கூடத்தில் நின்றால் டிவி மறைக்குதுப்பா என்கிறாள் மகள், கோபமாக இல்லை, மேஜையை நகர்த்துகிற மாதிரி சாதாரணமாகத்தான், வீட்டுக்குள் எங்கே நின்றாலும் யாரோ ஒருவருக்கு வழியில் நிற்கிறேன். காருக்குள் மட்டும்தான் எனக்கென்று ஓர் இடம் இருந்தது, இந்த மூன்று வாரமும், அவள் பக்கத்து சீட், கிளட்சை மெதுவா விடு, அவசரமில்ல, மெதுவா... அவள் கழுத்துப் பக்கம் வேர்த்திருக்கும், நாக்கைக் கடித்துக்கொண்டு ஓட்டுவாள், சின்னப் பிள்ளையில் எழுதும்போதும் அப்படித்தான் கடிப்பாளாம், மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். போகணும், போய்த்தான் ஆகணும், மூன்று பத்து... கூரைக்கு மேலே குளிர் மெஷின் ஓடுகிற சத்தம், வெளியே லாரிக்காரர் ஒருவர் ஸ்டீரிங்கில் தலை வைத்துத் தூங்குகிறார், மூன்று பதினைந்து, மூன்று இருபது, என்ன மனுஷன் நான், எனக்கே என்னை அறைய வேண்டும் போல இருக்கிறது.

போன். அவள்தான். எடுக்கவே பயமாக இருந்தது, எடுத்தேன், "அப்பா! பாஸ்!" என்ன, எப்படி, மணி நாலே ஆகவில்லையே... முன்னால் இருந்த ஐந்து பேர் வரவில்லையாம், மூன்று மணிக்கே இவளைக் கூப்பிட்டுவிட்டார்களாம். "நீங்க சொன்ன மாதிரியே ஏறறதுக்கு முன்னாடி வண்டியைச் சுத்தி வந்து, குனிஞ்சு அடியில பாத்தேன்பா. டெஸ்ட் எடுக்கறவர் சிரிச்சிட்டாரு, என்னம்மா தேடற, எதாவது விழுந்துடுச்சான்னாரு. எங்க அப்பா ஆர்மின்னேன்." நான் வர்றதுக்குள்ள... இங்க ஆள் வரலம்மா, அதான்... என்று இழுத்தேன். "தெரியும்பா," என்றாள். சட்டென்று, நான் முடிப்பதற்கு முன்னாலேயே, வாசலில் செருப்பைத் தள்ளி வைக்கிற மாதிரி ஒரு சாதாரணம். "அதனாலதான் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன், சும்மா ஒரு இதுக்கு. அம்மா இங்கதான் இருக்காங்க, கண்ணை மூடிட்டே நின்னாங்களாம். நாங்க இருக்கவா, கிளம்பவா?" இரு என்றேன். இரும்மா, வரேன், எங்கயும் போகாத, நாற்பது நிமிஷம். அவள் கொஞ்சம் தயங்கி, சரிப்பா என்றாள், பக்கத்தில் அம்மாவிடம், இருக்கச் சொல்றாரு என்றாள், ஆச்சரியமாக.

நடந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, காகிதத்தை ஒட்டினேனா, அங்கேயே போட்டேனா, ஞாபகமில்லை, கார்டைத் தேய்த்தேன், பச்சை விளக்கு எரிந்தது, கேட்டில் காவலாளி தலையைக்கூடத் தூக்கவில்லை. முதுகு மட்டும் விறைத்துப்போய் இருந்தது, பின்னாலிருந்து ஒரு குரல் வரும், நில் என்று வரும், இதோ வரும்... தெருமுனை வந்துவிட்டது, ஒரு குரலும் வரவில்லை. இவ்வளவுதானா? இவ்வளவு சுலபமா? பேருந்து நிறுத்தத்தில் பெஞ்சு காலியாக இருந்தும் நின்றுகொண்டே இருக்கிறேன், தெரியும்பா என்றாளே, எப்படித் தெரியும், எத்தனை வருஷமாகத் தெரியும்... ஆள் இல்லைம்மா, லீவு கிடைக்கலைம்மா, இதை எத்தனை தடவை போனில் சொல்லியிருப்பேன், அவள் முதல் நாள் பள்ளிக்கூடம் போனபோது, அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனபோது. அந்த ஆபரேஷன் சமயம் லீவுப் பட்டியலில் என் பேர் இருந்தது. இருந்தது, மூன்றாவது பேர், நானே பார்த்தேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, நீ போயிட்டு வா என்று ஒல்லிக்குச்சியை அனுப்பினேன், என் மனசு பெரிய மனசு என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன், வீட்டுக்குப் போனால் ஆஸ்பத்திரியில் நான் எங்கே நிற்பது, அழுகிற பிள்ளையை எப்படித் தூக்குவது, அந்தப் பயம் ஒரு பக்கம் இருந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அப்படியென்றால் மற்ற தடவைகளில்? கேட்டுத்தான் இல்லை என்றார்களா... பேருந்து வந்துவிட்டது, அங்கே இரண்டு பேர் எனக்காக நிற்கிறார்கள், நாற்பது நிமிஷத்தில் இறங்கி என்ன சொல்வேன், லீவு கிடைக்கவில்லை என்று சொன்ன அத்தனை வருஷத்தில், எத்தனை தடவை நான் உண்மையிலேயே கேட்டேன்?