சிப்பிக்கூட்டு நேர்ச்சை

வேகமாக வேலை செய்கிற பெண் என்று ஜின்சிக்குக் கடற்கரையில் பேர் உண்டு. ஒரு கூடை நெத்திலியை, மற்ற பெண்கள் உட்கார இடம் தேடுவதற்குள் ஆய்ந்து முடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு சிப்பியை ஒட்ட ஒரு முழுப் பகலை எடுத்துக்கொண்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

சிப்பிக்கூடு என்று அவள் வீட்டில் சொல்வது, மாதா சொரூபம் வைத்திருக்கும் மரக்கூட்டை. ஜின்சியின் புருஷன் சிஜோவும் அவனுடைய அண்ணன் டெல்வினும் பையன்களாக இருந்தபோது, மீன்பிடித் தடைக்காலத்தில் பொழுது போகாமல் கையால் செய்தது. சுற்றிலும் சிப்பியும் சோழியும் குட்டிச் சங்குமாகப் பதித்திருந்தார்கள். உப்புக்காற்றில் பசை பொரிந்து, பாதிச் சிப்பிகள் உதிர்ந்து பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. ஒட்டவேண்டும் ஒட்டவேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்களே தவிர யாரும் தொடவில்லை.

இப்போது அண்ணனும் தம்பியும் ஒரே போட்டில் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். காற்று மாறியது. மற்ற போட்டுகள் ஒவ்வொன்றாகக் கரை பிடித்தன. இவர்களுடைய போட்டை மட்டும் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை.

செய்தி வந்த அன்றே ஜின்சி கூட்டின் முன்னால் முழங்காலில் நின்றாள். "மாதாவே, இந்தக் கூட்ட நான் என் கையால புதுசாக்கித் தாரேன். கடைசிச் சிப்பிய ஒட்டுகதுக்குள்ள என் சிஜோவக் கரையேத்திரு." ஆளின் பேரைச் சொல்லி நேர்ந்தால்தான் அது நேர்ச்சை என்பது அந்தக் கரையில் நம்பிக்கை. பேர் சொன்னாள். எழுந்து நைட்டியில் ஒட்டிய மணலைத் தட்டும்போதுதான் உறைத்தது, ஒரு பேரைத்தான் சொல்லியிருக்கிறாள். ஊரெல்லாம் நீளும் அவள் வாய் அந்த நேரம் பார்த்துச் சுருங்கிவிட்டது.

உடனே டெல்வின் பேரையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். நேர்ந்த வாக்கைத் திருத்தினால் நேர்ச்சையே பலிக்காது என்று கேட்டு வளர்ந்தவள் அவள். திருத்தப்போய், உள்ளதும் போய்விட்டால்? தனக்கு மிஞ்சித்தானே தானமும் தர்மமும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. அவளுக்கு இடுப்புவலி கண்டபோது, சிஜோ கடலில் இருக்க, கொட்டுகிற மழையில் ஆட்டோ பிடிக்க ஓடிய மனிதர் டெல்வின்.

ஆக, ஒரு பயம் இரண்டானது. கடைசிச் சிப்பியை ஒட்டிய பிறகும் சிஜோ வராவிட்டால் மாதா கைவிட்டாள் என்று ஆகிவிடும். அவன் மட்டும் வந்து அண்ணன் வராவிட்டால், அது இவள் செய்த கொலை. ஒரே வழி, கூடு முடியவே கூடாது. சிப்பிகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி ஊறவைத்தாள். பழைய பசையை பிளேடால் சுரண்டினாள். வார்னிஷ் காயவில்லை என்றாள், அது காய்ந்து பளபளத்த பிறகும். வாசலில் யாருடைய பைக் வந்து நின்றாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள்.

டெல்வினின் மனைவி ஷைஜாவுக்குப் பக்கத்து வீடு. நேர்ச்சை இருப்பது அவளுக்குத் தெரியும். அதில் யார் பேர் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே போட்டில் இருக்கும்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது? நேர்ச்சையை இழுத்தடிப்பதால்தான் கடல் அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது அவள் கட்சி.

"ஏட்டி ஜின்சி, இன்னும் தீரல்லியா? மாதாவக் காக்க வெச்சா அவிய எப்படி வருவாவ?"

"பசை பிடிக்கல்லக்கா."

"ஒனக்குக் கை பிடிக்கல்லன்னு சொல்லு. தள்ளு, நான் ஒட்டுதேன்."

உட்கார்ந்தே விட்டாள். அழுது வீங்கிய கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒவ்வொரு சிப்பிக்கும் பசை தடவி, ஒரு 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்லி ஒட்டினாள். தன் புருஷனுக்குப் பங்கில்லாத நேர்ச்சைக்கு இப்படி உருகுகிறாளே என்று நினைத்தபடி ஜின்சி, டப்பாவில் குறைகிற சிப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். டப்பாவில் ஒரே ஒரு சோழி மிஞ்சியபோது, அதை எடுத்த ஷைஜாவின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அத ஒட்டாத. நான் சிஜோ பேர மட்டும்தான் சொன்னேன். அண்ணன் பேர விட்டுட்டேன்."

ஷைஜா கையை உருவிக்கொண்டாள். அடிப்பாள் என்று ஜின்சி நினைத்தாள். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஷைஜா சோழியை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டு மாதாவையே பார்த்தபடி இருந்தாள். பிறகு அதை ஜின்சியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒட்டு," என்றாள் கடைசியில். "நேந்தது நீ. நீதான் ஒட்டணும்."

"அக்கா, அண்ணன்..."

"ஒருத்தனாவது கரையேறட்டு மக்கா. ரெண்டு வீட்டுப் பிள்ளையளுக்கும் ஒரு ஆம்பள வேணும்லா."

ஜின்சி ஒட்டினாள். சோழி கோணலாக உட்கார்ந்தது. அதை நேராக்க இருவருக்குமே தைரியம் இல்லை.

மறுநாள், மீன் ஏலம் முடிகிற நேரத்தில் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுக்க முடியாமல், அடிக்கிற போனைத் தூக்கிக்கொண்டு ஜின்சி பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். ஷைஜாதான் வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏட்டி, நான்தான்." சிஜோ. "எஞ்சின் செத்துப்போய், கடல் ஒழுக்கு இழுத்த பக்கமே போனோம். லட்சத்தீவு ஆளுவ பிடிச்சுக் கரை சேத்துட்டாவ. எல்லாரும் உசிரோட இருக்கோம்."

"அண்ணன்?" என்றாள் ஜின்சி.

"அண்ணன் ஆஸ்பத்திரியில. வடம் அறுந்து அடிச்சு கால்முட்டு நொறுங்கிப் போச்சு. உயிருக்கு பயமில்ல. ஆனா, இனி போட்டுல ஏற முடியாதுன்னு டாக்டர் சொல்லியாரு."

அந்தக் காலை உடைத்தது தான்தான் என்பதில் ஜின்சிக்குச் சந்தேகமே இல்லை. ஷைஜாவை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தபோது, கண்ணும் மூக்கும் ஒழுக ஷைஜா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இனி கடலுக்குப் போவமாட்டாவ ஏட்டி! கேட்டியா? காத்தடிச்சாலும் மழையடிச்சாலும் அவிய எப்பளும் வீட்டுலதான்!" என்று ஜின்சியைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினாள்.

போனில் சிஜோ இன்னும் பேசிக்கொண்டிருந்தான். "நீ ஒண்ணும் பயப்படாத. இஞ்ச ஒருத்தர்ட்ட சொல்லி வேற போட்டு பாத்தாச்சு. ஊருக்கு வந்து ரெண்டு வாரத்துல ஏறிருவேன்."

ஷைஜாவின் சிரிப்பில் அது ஜின்சிக்கு மட்டும்தான் கேட்டது.