நாற்பத்தேழாம் ரகம் அழுகவில்லை

புதன்கிழமை காலை வளர்ப்பறைக் கதவைத் திறந்ததும் வழக்கமான நாற்றம் முகத்தில் அடித்தது. மூன்று வருடமாக இந்த நாற்றத்தில்தான் என் பிழைப்பு. உருளைக்கிழங்குச் செடிகளின் தண்டில் அழுகல் பாக்டீரியாவை விட்டு, எந்த ரகம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். இதுவரை ஒன்றும் தாங்கியதில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் கமிட்டி கூடுகிறது. அதற்குள் ஒரு ரகமாவது நிற்காவிட்டால் எங்கள் பிரிவை இழுத்து மூடிவிட்டு, என்னை ஸ்டோரில் அட்டைப்பெட்டி எண்ண அனுப்பிவிடுவார்கள்.

ஐம்பது ரகம், ரகத்துக்குப் பத்துச் செடி. தண்டு கறுத்து, கொழகொழவென்று சாய்ந்து கிடந்தன எல்லாம். நாற்பத்தேழாம் ட்ரேயில் மட்டும் பத்தும் நிமிர்ந்து நின்றன. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். நின்றன.

டாக்டரைக் கூப்பிட்டேன். டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை, செடி நோய் படித்தவர், எங்கள் பிரிவுத் தலைவர். சிரித்தால் பல் கொட்டிவிடும் என்பது போல இருப்பார். அன்று, "அடி சக்கை!" என்று மேசையைத் தட்டினார். "நம்ம பொழச்சோம்மா! கமிட்டிக்கு இப்பவே சொல்லிடறேன்."

அவர் போன பிறகுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. திங்கட்கிழமை நான் இந்த ட்ரேக்குப் பாக்டீரியா விட்டேனா?

நோட்டில் டிக் இருக்கிறது. இருக்கும். நான் எப்போதும் வேலை தொடங்கும் முன்பே பக்கம் முழுக்க டிக் அடித்துவிடுவேன். பாக்டீரியா பட்ட கையுறையோடு பேனாவைத் தொடக் கூடாது, ஒவ்வொரு ட்ரேக்கும் கழற்றி மாட்ட எவளால் முடியும்? தண்டில் ஊசித் துளை இருக்கிறதா என்றால், அதுவும் இருக்கிறது. எல்லாச் செடிக்கும் முதலில் துளை போட்டுவிட்டு, அப்புறம்தான் ஒரே மூச்சில் பாக்டீரியாச் சொட்டு விடுவது என் வழக்கம். இப்படிச் செய்தால் நேரம் மிச்சம் என்று பெருமை வேறு பேசியிருக்கிறேன். ஆளுக்கு ஏற்ற புத்தி!

நாற்பதுக்கு மேல் போகும்போது அக்கா போன் பண்ணினாள். காதில் மாட்டிக்கொண்டு பேசியபடியே செய்தேன். அது நினைவிருக்கிறது. அவளையே கேட்டேன்.

"அக்கா, திங்கக்கெழம நான் பேசும்போது நடுவுல வேலைய நிறுத்தினேனா?"

"எனக்கு எப்படிடி தெரியும்? உங்க மாமாவ நான் திட்டினேன், நீயும் சேர்ந்து திட்டினே. நல்லாத்தான் இருந்துச்சு."

இவளிடம் போய்க் கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

யாருக்கும் சொல்லாமல் ஒரு செடியை வெட்டி, தண்டுச் சாற்றைப் பெட்ரி தட்டில் தடவி வைத்தேன். உள்ளே பாக்டீரியா இருந்தால் வளரும், நான் விட்டது உறுதியாகும். வெள்ளிக்கிழமை காலை எடுத்துப் பார்த்தால் தட்டு பளிச்சென்று இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. நான் பாக்டீரியாவை விடவே இல்லை என்று அர்த்தம். அல்லது செடியே அதைக் கொன்றுவிட்டது என்று அர்த்தம், அப்படியானால் இதைவிட நல்ல ரகம் உலகத்தில் கிடையாது. ஒரே தட்டு இரண்டையும் சொன்னது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பேசாமல் இருந்துவிடலாமா என்று பத்து நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விவசாயி இதை நம்பி நட்டு, வயலோடு அழுகினால்? போய்ச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் முகம் வெளிறிவிட்டது. "விட்டியா, விடலையா? ஒண்ணச் சொல்லு."

"தெரியல சார்."

"பதினோரு மணிக்குக் கமிட்டி. இப்ப வந்து தெரியலங்கறியே!"

"முந்தியே சொல்ல பயமா இருந்துச்சு சார்."

அவர் போனார். சந்தேகம் இருக்கிறது, நான்கு நாள் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். மூன்று வருடம் கொடுத்தாயிற்று என்றார்களாம். திங்கட்கிழமை மாலைக்குள் பிரிவைக் காலி செய்ய உத்தரவு.

அன்று மதியமே மீதி ஒன்பது செடிக்கும் புதிதாகத் துளை போட்டேன். எப்போதும் அழுகுகிற ரகம் ஒன்றையும் பக்கத்தில் வைத்தோம். இந்த முறை டாக்டர் கூடவே நின்று, ஒவ்வொரு சொட்டுக்கும் வாய்விட்டு எண்ணினார். எதற்கு இதைச் செய்கிறோம் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை ஆட்கள் வந்து, குழாய்களில் வளர்த்து வைத்திருந்த தாய்ச்செடிகளை எல்லாம் அழிக்க அள்ளிக்கொண்டு போனார்கள். நாற்பத்தேழும் அதில் போனது; இனி அந்த ரகத்தில் மிச்சம் அறையில் நின்ற ஒன்பது செடிதான்.

திங்கட்கிழமை காலை பக்கத்து ரகம் கூழாகிக் கிடந்தது. ஒன்பது செடியும் நின்றன.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். சந்தோஷமா துக்கமா என்று யாராவது கேட்டிருந்தால் அடித்திருப்பேன். டாக்டர் கமிட்டித் தலைவருக்குப் போன் போட்டார். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது.

"வெள்ளிக்கிழமை சந்தேகம்னீங்க, இன்னிக்கு நிச்சயம்ங்கறீங்க. எத சார் நம்பறது?"

டாக்டர் போனை வைத்தார்.

"சார், இந்த ஒன்பதையாவது..."

"பாக்டீரியா விட்ட செடி இந்த ரூம விட்டு வெளிய போகக் கூடாது. உனக்குத் தெரியாதாம்மா?"

தெரியும். நான்தான் அந்த விதியை எழுதிக் கதவில் ஒட்டினேன்.

"நான் சொல்லியிருக்கக் கூடாதோ சார்?"

"தெரியலம்மா," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

சாயங்காலம் ஒன்பது செடியையும் பையில் கட்டி, நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்குள் வைத்தேன். மூன்று வருடத்தில் எத்தனையோ ஆயிரம் அழுகல் செடிகளை அதில் போட்டு அவித்திருக்கிறேன். நல்ல செடியை அவித்தது அன்றுதான்.