இருக்கைச் சூடு

அன்று ஒரே கார் மூன்று கார்களாக வெளியே வர வேண்டியிருந்தது.

வெள்ளை, நீலம், சாம்பல். கதவு, பானெட், டிக்கி, பம்பர் எல்லாம் கிளிப்பில் நிற்கும் பிளாஸ்டிக். கழற்றி மாட்டினால் வேறு கார். கூரை மட்டும் மூன்றுக்கும் கறுப்பு. அது புதுப் பாணி என்று விளம்பரத்தில் இருந்தது. கொட்டகையில் கார்க்கூடுகள் நிறைய இருந்தன. ஓடக்கூடிய பேட்டரி ஒன்றுதான்.

பசுமை வாகன மானியத்தின் அடுத்த தவணை வர வேண்டுமானால் மானிய அலுவலகத்து ஆய்வாளர் நேரில் பார்க்க வேண்டும். மூன்று மின்கார்கள் யாரும் தள்ளாமல் ஓடி வந்து அவர் முன்னால் நிற்க வேண்டும். மூன்றும் சேர்ந்து நிற்க வேண்டும் என்று விதியில் இல்லை. அதைக் கண்டுபிடித்தவர் மேனேஜர். அவருக்குத் தொழிற்சாலையில் அடுத்தமாசம் என்று பெயர். சம்பள உயர்வு, கையுறை, எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.

ஊசி, சீட் தைக்கும் பிரிவில் மூத்தவள். கைக்காக வைத்த பெயர், வாய்க்கும் பொருந்தியது. மூன்று நிறத்தில் உறைகள் தைத்து வைத்திருந்தாள். பழத்தோலிலிருந்து செய்த லெதர் என்று விளம்பரம் சொன்னது. தைக்கும்போது பிளாஸ்டிக் வாசனை வந்தது.

காரை ஓட்டப்போவது அவளுடைய தம்பி. முன்பு நகரப் பேருந்து ஓட்டினான், நிரந்தர வேலை. டீசலுக்கு இனி காலமில்லை என்று சொல்லிச் சொல்லி அவனை இங்கே இழுத்து வந்தவள் ஊசி. அவன் ராஜினாமா கொடுத்த நாளிலிருந்து தம்பி மனைவி அவளோடு பேசுவதில்லை.

காலையில் பின் ஷட்டருக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னான்.

"அக்கா, டிப்போவுல ஆள் பத்தலையாம். விட்டுட்டுப் போனவங்களத் திரும்பக் கூப்பிடறாங்க. நாளைக்குள்ள போய்ச் சொல்லணும்."

"யாரு சொன்னா?"

"வீட்லதான். என்கிட்ட சொல்லல. சுவரப் பாத்துச் சொன்னா."

"இன்னிக்கு ஒரு நாள் பொறு. தேறிடுச்சுன்னா இங்கயே இரு. தேறலைன்னா நானே கையப் புடிச்சு டிப்போவுல கொண்டு விடறேன்."

"இங்கயும் கையப் புடிச்சுத்தான் கூட்டிட்டு வந்த."

"பேசாம இந்த உறையோட ஜிப்பப் புடி."

ஆய்வாளர் இடுப்பில் அகலமான பெல்ட் கட்டியிருந்தார். முதுகுவலிக்காரர். மெதுவாக நடந்தார். வெள்ளைக் கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் முகம் சுளித்தார்.

"ஜில்லுனு இருக்கு."

"சொகுசு வண்டி சார்" என்றார் அடுத்தமாசம்.

தம்பி அவரை முற்றத்தில் ஒரு சுற்று கொண்டுபோய்க் கொண்டுவந்தான். பிறகு சார்ஜுக்குப் போகிறது என்று சொல்லி வண்டியைப் பின்பக்கம் எடுத்துப் போனான்.

ஆய்வாளருக்கு உள்ளே ஒரு படம் போட்டார்கள். படத்தில் கார் மலைப்பாதையில் போனது. பின்னால் ஷட்டரை இறக்கிவிட்டு ஆட்கள் வெள்ளைக் கதவுகளைக் கழற்றினார்கள். ஊசி பழைய உறையை உருவிப் புதியதை மாட்டினாள். அவசரத்தில் மாட்டிய உறையில் சுருக்கம் விழுந்தது. ஹீட் கன்னை எடுத்தாள். சூடான காற்றை ஊதினால் உறை இறுகிச் சுருக்கம் போய்விடும்.

"அதெல்லாம் யாரு பாக்கப் போறா, விடும்மா" என்றார் எட்டிப் பார்த்த அடுத்தமாசம்.

"நான் பாப்பேன்ல."

சுருக்கத்தோடு ஒரு சீட்டையும் அவள் இதுவரை வெளியே அனுப்பியதில்லை.

நீலக் காரில் ஆய்வாளர் உட்கார்ந்தார். கண்களை மூடினார்.

"இது இதமா இருக்கே."

அந்தச் சுற்றை இன்னொரு முறை போகச் சொன்னார்.

மறுபடியும் படம். இந்த முறை கடற்கரைச் சாலை. சாம்பல் கதவுகள் மாட்டப்பட்டன. தம்பியின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"என்னடா இப்படி வேர்க்குது?"

"நிக்க இடமில்லாத பஸ்ஸ ஓட்டும்போது வேர்க்கல. இதுல வேர்க்குது."

இந்த உறை இன்னும் இறுக்கம். ஊசி ஹீட் கன்னை வெகுநேரம் பிடித்தாள். ஒரு மடிப்புகூட இல்லை.

சாம்பல் காரில் உட்கார்ந்த ஆய்வாளர் உடனே எழுந்தார். இருக்கையில் உள்ளங்கையை வைத்தார்.

"முதல் வண்டி ஜில்லுனு இருந்துச்சு. அடுத்தது இதமா இருந்துச்சு. இது சுடுது. வெயில்ல நின்னுச்சா?"

காலையிலிருந்து மேகமூட்டம். அடுத்தமாசம் வானத்தைப் பார்த்தார். தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊசி துடைக்கிற துணியோடு பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஹீட்டர் சார்" என்றாள்.

"சீட்லயா?"

"முதுகுவலி இருக்கறவங்களுக்காக வச்சிருக்கோம்."

"முதல் வண்டியில?"

"அது ஹீட்டர் இல்லாத மாடல்."

ஆய்வாளர் அவளைப் பார்த்தார்.

"சரி. ஆஃப் பண்ணுங்க."

ஊசி குனிந்து ஸ்டியரிங் பக்கத்துப் பலகையில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினாள். அதைப் பசை போட்டு ஒட்டும்போது அவள் பக்கத்தில் இருந்தாள். பின்னால் ஒயர் கிடையாது.

"ஆறட்டும் சார். கொஞ்ச நேரம் ஆகும்."

எல்லோரும் அந்த இருக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காய்ச்சல்காரனைச் சுற்றி நிற்பதுபோல. ஆய்வாளர் கையை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"ஆறுது."

"ஆமா சார்."

"இப்ப ஆன் பண்ணுங்க."

ஊசி பொத்தானை அழுத்தினாள். ஆய்வாளரின் கை இருக்கையிலேயே இருந்தது. அடுத்தமாசம் தொண்டையைச் செருமினார். இருக்கை ஆறிக்கொண்டே போனது. ஊசிக்கு அது தெரியும். தொட வேண்டியதில்லை.

"சூடாக நேரமாகுமோ?"

"ஆகும் சார்."

ஆய்வாளர் கையை எடுத்துத் தன் பெல்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"அப்ப வேணாம். எனக்கு நேரமில்ல."

வெளியே அவருடைய அலுவலக வண்டி புகை விட்டுக்கொண்டு நின்றது. ஊசி கதவைத் திறந்து பிடித்தாள். அவர் உட்கார்ந்து, முதுகைச் சரிசெய்துகொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"என் கையில அஞ்சு கம்பெனி இருக்கும்மா. மத்த நாலு பேரும் படம் மட்டுந்தான் காட்டினாங்க. உங்ககிட்ட ஒரு வண்டியாவது ஓடுது."

"மூணு சார்."

"ஆமா. மூணு."

வண்டி போனது. தம்பி பின்னால் வந்து நின்றான்.

"தேறிடுச்சாக்கா?"

"தேறிடுச்சு."

"ஹீட்டரா அது? எங்கக்கா கத்துக்கிட்ட இதெல்லாம்?"

"பசிச்சா எல்லாம் வரும்."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அப்ப டிப்போ?"

ஊசி துடைக்கிற துணியை மடித்தாள். ஆய்வாளர் சொன்னதை அவனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் பணம் வந்தால் பேட்டரி வரும். பேட்டரி வந்தால் மூன்று கார் மூன்று காராகவே இருக்கும். அதன்பிறகு, மூணு என்று அவள் சொன்னது பொய்யாக இருக்காது.

"தைரியமா இரு" என்றாள். "இனி நல்லாத்தான் இருக்கும்."

மறுநாள் அவன் டிப்போவுக்குப் போகவில்லை.

பணம் வந்தது. பேட்டரி வரவில்லை. தொழிற்சாலை இடம் மாறும் செய்தி கேன்டீன் டிவியில் வந்தபோது தம்பி தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். திரையில் முதலாளி ஒரு வெற்று மைதானத்தில் நின்று பேசினார். இன்னும் அதிக மானியம் தரும் வேறொரு இடத்தில், இன்னும் பெரிய தொழிற்சாலை. இப்போது உள்ளது தற்காலிகமாக நிறுத்தப்படும்.

"எப்ப சார் திறப்பாங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"அடுத்த மாசம்" என்றார் மேனேஜர். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கும் வேறு தகவல் இல்லை.

லாரியில் முதலில் ஏறியது அந்த ஒரே பேட்டரி. மெத்தை சுற்றி, கயிறு கட்டி, கைக்குழந்தையைப்போல ஏற்றினார்கள். கூடுகள் அப்படியே கிடந்தன.

தம்பி டிப்போவுக்குப் போய் வந்தான். ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். வயதைக் கேட்டார்களாம். சொன்னானாம். சரி என்றார்களாம்.

கடைசி நாளில் ஊசி தன் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள். சாம்பல் கார் ஷட்டருக்குள் நின்றது. உறையில் இன்னும் சுருக்கமில்லை. அதைத் தொடாமல் வெளியே வந்தாள்.

இருவரும் பேருந்தில் ஏறினார்கள். தம்பி முன்பு ஓட்டிய தடம். ஓட்டுநர் அவனை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்கண்ணே. கார் எங்க?"

"சார்ஜ்ல இருக்கு."

ஓட்டுநர் சிரித்தார். முன்பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது. தம்பி ஊசியை உட்காரச் சொன்னான். அவளுக்கு எதிரே இருந்த இருக்கையில் தையல் விட்டு, நுரைப்பஞ்சு வெளியே தெரிந்தது.

"வீட்ல என்ன சொல்றா?"

"இனி உங்கக்கா பேச்சக் கேக்காதீங்கன்னு சொல்றா."

"நீ என்ன சொன்ன?"

"சுவரப் பாத்துத் தலையாட்டினேன்."

ஊசி எதிரே பிதுங்கிய பஞ்சை விரலால் உள்ளே தள்ளினாள்.

அவன் ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சற்று முன்னால் அவனுடைய வலது கால் தரையை அழுத்தியது. பேருந்து பிறகுதான் நின்றது.