பின்பக்க ஷெட்டுக்கு ஒரு சொல்

கணவன் இறந்து இரண்டு வாரம் கழித்து அவள் வேலைக்குப் போனாள். போ என்றும் யாரும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வீட்டில் இருந்தால் சுவரைப் பார்க்க வேண்டும், ஆபீசில் இருந்தால் காகிதத்தைப் பார்க்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அது மொழிபெயர்ப்பு ஆபீஸ். மாடியில் ஒரே அறை, இரண்டு மேசை, அடிக்கடி மக்கர் செய்யும் ஒரு பிரிண்டர். விண்ணப்பம், சான்றிதழ் எது வந்தாலும் ஆங்கிலத்தில் எழுதி, முத்திரை குத்திக் கொடுப்பார்கள். வருகிறவர்களுக்கு வேலை நடக்கும் இடம் எதுவானாலும் கம்பெனிதான். அங்கே என்ன வேலை நடக்கிறது என்று அவள் துருவித் துருவிக் கேட்பாள். நூல் நூற்றால், மாவு அரைத்தால் மில். மின்சாரம், ரசாயனம் என்றால் பிளான்ட். ரிப்பேர் மட்டும் பார்க்கும் இடம் ஒர்க்ஷாப். இயந்திரம் ஓட்டிச் சரக்கு செய்து வெளியே அனுப்பினால் ஃபேக்டரி. "என் பொண்ணுக்குப் பேர் வைக்கக்கூட நான் இவ்வளவு யோசிக்கலையேம்மா" என்று ஒருவர் அலுத்துக்கொண்டது உண்டு.

அன்று பதினொரு மணிக்கு அட்டைப்பெட்டிக் கம்பெனியின் மேனேஜர் மாடியேறி வந்தார். அவள் கணவன் அங்கேதான் ஃபிட்டர். பின்பக்க ஷெட்டில், ஓடுகிற ரோலரில் சிக்கிய அட்டையை எடுக்கப்போய் சட்டைக்கை மாட்டிக்கொண்டது. ஆளையே இழுத்துவிட்டது.

"விபத்து அறிக்கைம்மா. குடும்பத்துல ஒருத்தர் இங்கிலீஷ்ல எழுதிக் குடுக்கணும். உங்களுக்குத் தெரியாததா?" என்றார். பிறகு பேனா முனையால் ஒரு கட்டத்தைத் தொட்டார். "நடந்த இடம்னு கேட்டிருக்கு. அங்க மட்டும் ஒர்க்ஷாப்னு போட்டுடுங்க."

"அங்க பெட்டி செய்ற மெஷின் மூணு ஓடுதே சார்."

"ஓடுது. ஆனா பேப்பர்ல அது ஒர்க்ஷாப்தான்." ஷெட்டின் பழைய பதிவு விண்ணப்பத்தை எடுத்து வைத்தார். அடியில் இந்த ஆபீசின் முத்திரை. முத்திரைக்கு மேல் அவளுடைய கையெழுத்து.

நான்கு வருடத்துக்கு முன் இவரேதான் வந்து, "ரெண்டு ஃபிட்டர் உட்கார்ந்து ரிப்பேர் பாக்குற ஷெட்" என்று சொன்னார். அதற்கு அதுதான் சரியான சொல். பிறகு மெஷின்கள் வந்தன. ஒவ்வொன்று வந்தபோதும் கணவன் வீட்டில் சொன்னான். துணி மடித்துக்கொண்டே இவள் 'ம்' போட்டாள்.

நெஞ்சில் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்கிய பிறகு உதட்டைத் தொட்டால் இருக்குமே, அப்படி இருந்தது.

"நாளைக்குத் தர்றேன் சார்."

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். அவனுக்கும் அதே ஷெட்டில்தான் வேலை.

"அண்ணி, ஃபேக்டரின்னு எழுதினா மெஷின் பாதுகாப்பெல்லாம் பாக்குற இன்ஸ்பெக்டர் வருவாராம். ஷெட்டை மூடிடுவாங்களாம். இருபது பேர் இருக்கோம். ஒரு வார்த்தைதானே அண்ணி?"

"ரோலருக்கு மேல மூடி இருந்துச்சா?"

அவன் தரையைப் பார்த்தான். "கழட்டி வெச்சிருந்தோம். மூடி இருந்தா வேலை மெதுவாத்தான் போகும்."

"யாரு கழட்டினது?"

"அண்ணன்தான். மேனேஜர் சொல்லி."

"இப்ப அந்த மெஷின்ல யாரு நிக்கிறா?"

"நான்தான்."

அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

மறுநாள் அந்தக் கட்டத்தில் ஃபேக்டரி என்று எழுதினாள். கீழே இரண்டு வரி சேர்த்தாள்: முன்பு ஒர்க்ஷாப் என்று எழுதியது நான். இன்று அங்கே நடக்கும் வேலைக்கு அந்தச் சொல் பொருந்தாது.

மேனேஜர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "உங்க கையெழுத்தை நீங்களே இல்லைன்னு சொல்றீங்களேம்மா."

"ஆமா சார்." காலையிலேயே ஒரு நகலை இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டதையும் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஒன்பதாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். ஷெட்டுக்குப் பூட்டு விழுந்தது. அங்கே வேலை செய்தவரின் மனைவி ஒருத்தி இவளைத் தெருவில் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நம்ம முத்திரைக்கே மரியாதை போச்சு" என்று மொழிபெயர்ப்பு ஆபீஸ் முதலாளி ஒரு வாரம் முணுமுணுத்தார். வேலையை விட்டு மட்டும் நிறுத்தவில்லை. கொழுந்தன் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அவள் போனாள், வந்தாள், காகிதங்களைப் பார்த்தாள்.

ஆறு வாரம் கழித்து, ஃபேக்டரி என்று புதிதாகப் பதிவு செய்துகொண்டு ஷெட்டைத் திறந்தார்கள். அன்று சாயங்காலம் கொழுந்தன் வாசலில் வந்து நின்றான்.

"எல்லா ரோலருக்கும் மூடி மாட்டிட்டாங்க அண்ணி. பழக்கதோஷத்துல கையை நீட்டி ரெண்டு தடவை நல்லா இடிச்சுக்கிட்டேன்."

அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது. மருந்து எடுக்க உள்ளே போனவள், அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றாள். கன்னம் நனைந்திருப்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"அண்ணி?" என்றான் வாசலிலிருந்து.

"இரு, வர்றேன்."